ஆப்பிரிக்காவில் பிறந்த பிள்ளைக்குக் காகிதம் எடுப்பது எப்படி?

நைரோபியிலோ லேகோஸிலோ பிள்ளை பிறந்தால், அந்த ஊர்ப் பிறப்புச் சான்றிதழை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டால் போதும், மீதியைக் காரைக்குடி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இன்னும் பல வீடுகளில் நினைக்கிறார்கள். அது சரிவராது. பிறப்பைப் பதிவது அந்த நாட்டுப் பதிவுச் சட்டத்தின் வேலை. பிள்ளை அந்த நாட்டுக் குடிமகனா என்பதை அந்நாட்டு அரசியல் சட்டமோ குடியுரிமைச் சட்டமோ சொல்லும். பிள்ளை இந்தியனா என்பதை நம்முடைய 1955 குடியுரிமைச் சட்டம்தான் சொல்லும். மூன்றுக்கும் வெவ்வேறு அலுவலகம், வெவ்வேறு கெடு.

முதலில் அந்த நாட்டு அரசியல் சட்டத்தைப் பாருங்கள். முழுவதும் படிக்கத் தேவையில்லை. கென்யா (2010), நைஜீரியா (1999), கானா (1992), உகாண்டா (1995) நான்கிலும் குடியுரிமை மூன்றாம் அத்தியாயத்தில்தான் இருக்கிறது. கென்யாவில் 14ஆம் பிரிவுப்படி தாய் தந்தையரில் ஒருவர் கென்யராக இருக்க வேண்டும்; நைரோபி ஆஸ்பத்திரியில் பிறந்ததால் மட்டும் எதுவும் கிடைக்காது. நைஜீரியாவில் 25ஆம் பிரிவு தாத்தா பாட்டி வரை போகிறது: அவர்களில் ஒருவர் நைஜீரியராக இருந்தாலும் போதும். உகாண்டா இன்னும் ஒரு படி மேலே. 1926 பிப்ரவரி 1 அன்று அந்நாட்டு எல்லைக்குள் இருந்த பூர்வகுடிகளின் பட்டியலையே அரசியல் சட்டத்தின் அட்டவணையாகச் சேர்த்திருக்கிறார்கள். பெற்றோரோ தாத்தா பாட்டியோ அந்தப் பட்டியலில் உள்ளவராகவோ பிறப்பால் குடிமகனாகவோ இருக்க வேண்டும். தான்சானியாவின் அரசியல் சட்டத்தில் இப்படி ஒரு அத்தியாயமே கிடையாது. 1995 குடியுரிமைச் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். அதன் வாசகத்தைப் படித்தால் அங்கே பிறந்த எல்லோரும் குடிமக்கள் போலத் தோன்றும். நடைமுறையில் பெற்றோரில் ஒருவர் அந்நாட்டவராக இருக்க வேண்டும் என்றே அதிகாரிகள் கொள்கிறார்கள்.

ஆக, தாயும் தந்தையும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் குடும்பங்களில் பெரும்பாலும் பிள்ளைக்கு அந்த நாட்டுக் குடியுரிமை வராது. இந்தியக் குடியுரிமையையும் கோட்டைவிட்டால் பிள்ளை எந்த நாட்டுக்கும் சேராமல் நிற்கும். அவசரப்படச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது பதிவு. ஆஸ்பத்திரி கொடுக்கும் சீட்டு பிறப்புச் சான்றிதழ் ஆகாது. பிறப்பு நடந்ததை அறிவிக்கும் தாள், அவ்வளவுதான். அதைக் கொண்டுபோய்ப் பதிவாளரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 1992ஆம் ஆண்டின் 51ஆம் எண் சட்டப்படி 30 நாளுக்குள் உள்துறை அலுவலகத்தில் சொல்ல வேண்டும். மொரீஷியஸில் 45 நாள், நைஜீரியாவில் 60 நாள், தான்சானியாவில் 90 நாள், கென்யாவில் 6 மாதம். கெடு தாண்டினால் தாமதப் பதிவு, கூடுதல் சாட்சி, கூடுதல் அலைச்சல். செனகல், கோட் டிவார் போன்ற பிரெஞ்சு வழிச் சட்டமுள்ள நாடுகளில் கெடு தாண்டினால் பெரும்பாலும் நீதிமன்றத் தீர்ப்பு வாங்கித்தான் பதிய முடியும். அங்கெல்லாம் சுருக்கப் பிரதி, முழுப் பிரதி என்று இரண்டு உண்டு. முழுப் பிரதியையே கேளுங்கள். தாய் தந்தை விவரம் முழுதாக அதில்தான் இருக்கும்.

நைஜீரியாவில் தேசிய மக்கள்தொகை ஆணையம் தரும் சான்றிதழே செல்லும். உள்ளூராட்சி அலுவலகம் எழுதிக் கொடுக்கும் தாளை நம்பி நிறுத்திவிடாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் நிரந்தர வசிப்புரிமை இல்லாத வெளிநாட்டுப் பெற்றோருக்கு அடையாள எண் இல்லாமல், கையால் எழுதிய சான்றிதழ் தருவார்கள். அது போலியோ என்று பயப்பட வேண்டாம்; முறையே அதுதான். ஆனால் கையெழுத்தில் ஒரு எழுத்து பிசகினாலும் பின்னால் பெரும்பாடு. ஜன்னலை விட்டு நகருமுன் பாஸ்போர்ட்டை அருகில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

எத்தியோப்பியாவில் தேதியைக் கவனிக்க வேண்டும். அவர்கள் நாட்காட்டியில் 13 மாதம். ஆண்டுக் கணக்கு நம்முடையதற்கு 7 அல்லது 8 பின்னால் ஓடும். 2020 பிப்ரவரியில் பிறந்த பிள்ளைக்கு அங்கே ஆண்டு 2012. ஐரோப்பிய நாட்காட்டித் தேதியும் சான்றிதழில் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள்.

இனி நம்மூர்க்காரர்களுக்கே உரிய சிக்கல்: பெயர். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் தலைப்பெழுத்து ஒன்றோடு நிற்பதில்லை. பாஸ்போர்ட்டில் 'ஏஎல். பிஎல். முத்தையா' என்று இருந்தால், அங்கே பதிவாளர் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எதை எழுதுவார்? ஒருவர் முத்தையா என்பார், ஒருவர் 'பிஎல்' என்பதை விரித்துப் பழனியப்பன் என்பார், இன்னொருவர் 'ஏஎல்' என்பதையே பெயராக்கிவிடுவார். தாய்க்கு அவர் அப்பச்சியின் (தந்தையின்) பெயர் ஒரு தாளில், கணவர் பெயர் இன்னொரு தாளில் என்று இருப்பதும் சகஜம். பிரசவத்துக்கு மூன்று நான்கு மாதம் முன்பே, தாய் தந்தை இருவர் பாஸ்போர்ட்டிலும் தலைப்பெழுத்தை விரித்து, குடும்பப் பெயர் கட்டத்தையும் நிரப்பி, புதுப் பாஸ்போர்ட் வாங்கிவிடுங்கள். பிள்ளைக்கும் அதே வரிசை. எத்தியோப்பியப் படிவம் பிள்ளை பெயர், தகப்பன் பெயர், தாத்தா பெயர் என்று கேட்கும். அது நம் வழக்கத்துக்கு அச்சாகப் பொருந்தும்.

இன்னொன்று, பெயரைச் சீக்கிரம் முடிவு செய்யுங்கள். மூத்த பையனுக்கு ஐயா (தந்தைவழித் தாத்தா) பெயர்தான் என்பது தெரிந்த கதை. பெண் பிள்ளை என்றால் பேச்சு மாதக்கணக்கில் இழுக்கும். இந்தியப் பதிவுச் சட்டம் பெயரில்லாமல் பதிந்து பிறகு சேர்க்க இடம் தருகிறது. அதை நம்பி அங்கே பெயரில்லாமல் பதிந்தால் தூதரகத்தில் படிவமே நகராது. வீட்டில் கூப்பிடும் பெயர் எதுவாகவும் இருக்கட்டும், காகிதத்தில் ஒன்றே ஒன்று.

திருமணச் சான்றிதழ் இல்லாமல் அங்கே தகப்பன் பெயரை ஏற்றுவதும் கடினம். கென்யாவில் திருமணமாகாத தந்தையின் பெயரைத் தடுத்த, பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 12ஆம் பிரிவை உயர் நீதிமன்றம் 2016இல் செல்லாது என்றது. தென்னாப்பிரிக்காவில் அதே போன்ற 10ஆம் பிரிவு 2021இல் விழுந்தது. இருந்தாலும் அலுவலக மேசையில் திருமணத் தாளைத்தான் கேட்பார்கள். இசைகுடிமானம் (நகரத்தார் திருமண ஒப்பந்த ஓலை) எழுதியாயிற்று, கோயிலில் புள்ளி (தனிக் குடும்பமாகக் கணக்கு) சேர்த்தாயிற்று என்பதெல்லாம் அங்கே எடுபடாது. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009இன்படி திருமணம் நடந்த 90 நாளுக்குள், தாமதக் கட்டணத்தோடு மேலும் 60 நாளுக்குள், சார்பதிவாளரிடம் பதிந்துவிட்டுக் கிளம்புங்கள்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் மேலொப்பம், அதாவது அது உண்மையான தாள்தான் என்று அரசு முத்திரையிடுவது. தென்னாப்பிரிக்கா, மொரீஷியஸ், போட்ஸ்வானா, நமீபியா, மலாவி போன்றவை, ஒருவர் அரசுத் தாளை மற்றவர் எளிதில் ஏற்க வகைசெய்யும் ஹேக் ஒப்பந்தத்தில் உள்ள நாடுகள். அந்நாட்டு அரசு ஒட்டும் அப்போஸ்டில் முத்திரை ஒன்றே இந்தியாவில் செல்லும். செனகலில் 2023இலும் ருவாண்டாவில் 2024இலும் இந்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. நைஜீரியா போல ஒப்பந்தத்துக்கு வெளியே உள்ள நாடுகளில் முதலில் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம், பிறகு இந்தியத் தூதரகம் என்று இரண்டு முத்திரை. பிரெஞ்சு, போர்த்துகீசியத் தாள் என்றால் சான்று பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும்.

இப்போது முக்கியமான கெடு. 2004 டிசம்பர் 3 அன்றோ அதற்குப் பிறகோ வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை, குடியுரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி, பிறந்து ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிந்தால்தான் இந்தியக் குடியுரிமை. உள்துறை அமைச்சகத்தின் குடியுரிமை இணையதளத்தில் படிவத்தை நிரப்பி, அச்செடுத்து, பெற்றோர் இருவர் பாஸ்போர்ட், வசிப்பு அனுமதி, திருமணச் சான்றிதழ், முத்திரை பெற்ற பிறப்புச் சான்றிதழ் இவற்றோடு நேரில் கொடுக்க வேண்டும். பிள்ளையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் உறுதிமொழி தர வேண்டும். அதனால் ஒரு பயணத்துக்காக என்று உள்ளூர்ப் பாஸ்போர்ட் எடுத்துவிடாதீர்கள். பெற்றோரில் ஒருவர் அந்நாட்டவராக இருந்து பிள்ளைக்கு இரண்டு குடியுரிமையும் வந்துவிட்டால், 18 வயது முடிந்த ஆறு மாதத்துக்குள் மற்றதைத் துறக்க வேண்டும். தவறினால் இந்தியக் குடியுரிமை போய்விடும்.

ஓராண்டு கடந்துவிட்டால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். விண்ணப்பம் அதே தூதரகம் வழியாகவே போகும். சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்திலோ மதுரைப் பாஸ்போர்ட் அலுவலகத்திலோ நின்று பயனில்லை.

ஊரில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தூதரகத்தில் பதியாத பிள்ளையோடு பெற்றோர் நிலையாகத் தங்கத் திரும்பினால், பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969இன் 20ஆம் பிரிவுப்படி, பிள்ளை இந்தியா வந்து 60 நாளுக்குள் உள்ளூர்ப் பதிவாளரிடம் பிறப்பைப் பதியலாம். இது பிறப்புக்குச் சான்று, குடியுரிமைக்குச் சான்றல்ல. பள்ளியில் சேர்க்க உதவும், பாஸ்போர்ட் வாங்க உதவாது.

இறப்புக்கும் வழி ஏறக்குறைய இதுவே: அந்நாட்டுப் பதிவு, மேலொப்பம், பிறகு தூதரகப் பதிவு. உடலைக் கொண்டுவரத் தடையில்லாச் சான்றும் தூதரகமே தரும். இறந்தவரின் பாஸ்போர்ட்டை அங்கேயே ரத்து செய்வார்கள், அதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் நகலெடுத்துக்கொள்ளுங்கள். பங்காளிகள் பலர் சேர்ந்த பெரிய வீட்டில் பங்கு இருந்தால், இறப்புச் சான்றிதழில் உள்ள பெயர் பத்திரத்தில் உள்ள பெயரோடு பொருந்த வேண்டும். தலைப்பெழுத்து ஒன்று மாறினாலும் வாரிசுச் சான்றிதழ் வட்டாட்சியர் அலுவலகத்தில் முடங்கிவிடும். அந்தப் பிழையை அங்கிருக்கும்போதே திருத்திக்கொண்டு வாருங்கள்.