குரல் பயிற்றுநராக: குமரியில் இருந்தபடியே தொடங்க

நல்லாப் பாடுகிறவர் எல்லாம் நல்ல குரல் பயிற்றுநர் ஆகிவிடுவதில்லை. இந்தத் தொழிலுக்கு முதல் மூலதனம் காது. எதிரே பேசுகிறவரின் குரலில் காற்று கசிகிறதா, தாடை இறுகியிருக்கிறதா, தொண்டையை நெரித்துப் பேசுகிறாரா என்பதைக் கேட்டே கண்டுபிடிக்க வேண்டும். காதைப் பழக்க குமரி மாவட்டம் வசதியான இடம். ஞாயிறு ஆலயப் பாடகர் குழு, கொடை விழா வில்லுப்பாட்டு, குளச்சல் மீன் ஏலம், மார்த்தாண்டம் பேருந்து நிலையத்தில் ஊர்ப் பெயர் கூவும் நடத்துநர் என விதவிதமான குரல்கள் தினமும் காதில் விழுகின்றன.

முதல் ஓராண்டு சொந்தக் குரலுக்கு. கர்நாடக இசையோ மேற்கத்திய இசையோ ஒன்றை ஆசிரியரிடம் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். சரளி வரிசையும் (சுரங்களைப் படிப்படியாகப் பாடும் முதல் பாடம்) அகார சாதகமும் (சுரங்களை ‘ஆ’ என்று பாடிப் பழகுவது) போதுமான தொடக்கம். பாடகரின் ஆதார சுருதியைச் சொல்லும் சுருதிக் கட்டையையும் மேற்கத்திய சுரத்தையும் பொருத்தத் தெரிந்திருக்க வேண்டும்: 1 கட்டை சி, 5 கட்டை ஜி, ஐந்தரை ஜி ஷார்ப். பாடகர் குழுவுக்குப் பயிற்சி தரப் போனால் கீபோர்டுக்காரர் பேசும் மொழி அதுதான்.

மாணவருக்குத் தரும் முன் நீங்களே பழக வேண்டியது ஸ்ட்ரா பயிற்சி. டம்ளரில் பாதி தண்ணீர் எடுத்து, ஸ்ட்ராவின் நுனி 2 முதல் 3 செ.மீ. மட்டும் மூழ்கும்படி பிடியுங்கள். உதடுகளை இறுக்கமாக மூடி, ஸ்ட்ரா வழியே ‘ஊ’ என்று குரல் கொடுங்கள். குமிழி ஒரே சீராக வர வேண்டும். பிறகு கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே குரலை வழுக்கவிடுங்கள். ஒரு தடவைக்கு 3 முதல் 5 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை. வாய்க்குள் தேங்கும் காற்றழுத்தம், தொண்டைக்குள் அதிர்ந்து ஓசை எழுப்பும் குரல்நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதாமல் அதிர உதவுகிறது.

இதில் வழக்கமாக நடக்கும் தவறுகள் மூன்று. குமிழி வருகிறது, குரல் வரவில்லை என்றால் வெறுமனே ஊதுகிறார். மூக்கைப் பொத்தியதும் ஓசை மாறினால் காற்று மூக்கு வழியே போகிறது. ஆழமாக மூழ்கடித்தால் வயிற்றை முட்டித் தள்ள வேண்டிவரும். கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

உடற்கூறு தெரியாமல் வகுப்பெடுக்கக் கூடாது. சாதாரணமாகப் பேசும்போதே ஆண்களின் குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 120 தடவையும், பெண்களுடையவை 200 தடவை அளவிலும் அதிர்கின்றன. கத்தினால் மோதலின் வேகம் கூடுகிறது. அதுவே பழக்கமானால் குரல்நாணில் முடிச்சு (சிறு தடிப்பு) விழலாம். பனங்கற்கண்டுப் பால் குடித்தால் குரல்நாண் நனையும் என்பது ஊர் நம்பிக்கை. பால் போவது உணவுக்குழாயில். மூச்சோடு உள்ளே போகும் நீராவிதான் குரல்நாணைத் தொடும். ‘தொண்டைக்கு ஓய்வு’ என்று கிசுகிசுப்பதும் உதவாது. பலர் கிசுகிசுக்கும்போது தொண்டையை இன்னும் இறுக்குகிறார்கள்.

ஒவ்வொரு மாணவரையும் முதல் நாளே பதிவு செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்தி, செல்போனை வாயிலிருந்து 30 செ.மீ. தள்ளி வையுங்கள். ஒரு நிமிட வாசிப்பு, ஒரே மூச்சில் நீண்ட ‘ஆ’ மூன்று தடவை, ஒரு வழுக்கல். பெரியவர்களுக்கு ‘ஆ’ 15 நொடிக்கு மேல் நிற்பது இயல்பு. 10 நொடியைத் தொடவில்லை என்றால் கவனிக்க வேண்டும். குரல்நாண் சரியாக இயங்குகிறதா என்று பார்க்க, ஆங்கிலப் புத்தகங்கள் ‘எஸ்’, ‘இசட்’ ஒலிகளை நீட்டி ஒப்பிடச் சொல்லும். நம்மவர்களில் பலர் இரண்டையும் ‘ஸ்’ என்றே ஒலிப்பதால் அந்தக் கணக்கு இங்கே தப்பும். சுருதி அளக்க ‘பிராட்’ (Praat) என்ற இலவச மென்பொருள் போதும்.

கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் பயிற்சியை நிறுத்தி, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வேறிடத்திலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புங்கள். இருமலில் ரத்தம், விழுங்க வலி, மூச்சுத்திணறல் இருந்தால் அன்றைக்கே. குரல் சிகிச்சை தருவது வேறு தொழில். அதற்கு பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற, செவித்திறன், பேச்சு, மொழிக் குறைபாடுகள் பற்றிய நான்காண்டுப் பட்டப்படிப்பும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவும் வேண்டும். அவை இல்லாமல் பெயர்ப் பலகையில் ‘சிகிச்சை’ என்று எழுதாதீர்கள்.

தொடக்கத்தில் ஒரு நல்ல பாட்டு ஆசிரியரின் வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து, அவர் திருத்தும் முன்பே நீங்கள் கேட்ட குறையை நோட்டில் எழுதிப் பழகுங்கள். வகுப்பு 45 நிமிடம் போதும். ஒரு வகுப்பில் ஒரே குறையைத் திருத்துங்கள். பள்ளி ஆசிரியர்கள் வந்தால் முதல் வேலை இடுப்பில் மாட்டும் சின்ன மைக் செட்டை வாங்கச் சொல்வது. எந்தப் பயிற்சியையும் விடச் சீக்கிரம் பலன் தருவது அதுதான், உங்கள் வருமானம் கொஞ்சம் குறைந்தாலும். வில்லுப்பாட்டுப் புலவருக்கோ, பின்பாட்டு வரும் இடைவெளியில் செருமாமல் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கப் பழக்குவதே பெரிய வேலை.

அறிவிப்பாளர் ஆசையோடு வருகிறவரின் ஊர்ப்பேச்சை அழித்துவிடாதீர்கள். வேகத்தைக் குறைத்து, சொல்லின் கடைசி எழுத்தை விழுங்காமல் முடிக்கச் செய்தால் பாதி வேலை முடிந்தது. கட்டணத்தை எட்டு வகுப்புக்குச் சேர்த்து முன்பணமாக வாங்குங்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனியாக வாங்கினால் மழை பெய்தாலே ஆள் வராது.