காங்கேசன்துறைத் தொகுதியைக் கொப்பியில் எழுதும் விதம்

இலங்கையின் வடக்கே உள்ள காங்கேசன்துறைத் தொகுதியின் நாடாளுமன்றத் தேர்தல் முடிவுகளை எப்படி எழுதிவைப்பது என்று பேத்தி கேட்டாள், அதனால் எழுதுகிறேன். ஒரு சீஆர் கொப்பியும் (தடித்த அட்டை போட்டது) அடிமட்டமும் எடுங்கள். ஆண்டு, வென்றவர், கட்சி, தோற்றவர் என்று நான்கு நிரல். தோற்றவரை விட்டுவிடாதீர்கள், பாதிக் கதை அங்கேதான் இருக்கிறது.

1947இல் செல்வநாயகம், தமிழ்க் காங்கிரஸ். 1952இல் அதே ஆள் தமிழரசுக் கட்சியில் நின்று, ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசபிள்ளையிடம் தோற்றார். ஆள் மாறாமல் கட்சி மாறியதை ஓரத்தில் குறித்து வையுங்கள். 1956இல் மீண்டும் வென்றார். 1960க்கு இரண்டு வரி விடுங்கள்; மார்ச்சிலும் யூலையிலும் தேர்தல் நடந்தது.

இடைத்தேர்தலுக்குச் சிவப்புப் பேனை. 1972இல் செல்வநாயகம் பதவி துறந்தார், வாக்களிப்போ 1975 பெப்ரவரி 6இல்தான். அந்த இரண்டு வருட வெற்றிடத்தை நான் முதலில் கோடிழுத்து மூடிவிட்டேன். பக்கத்து வீட்டு அண்ணை பிடித்துவிட்டார்!

1977இல் அமிர்தலிங்கம், தமிழர் விடுதலைக் கூட்டணி. அதன்கீழ் தடித்த கோடு போடுங்கள். 1989 முதல் விகிதாசார முறை, அதாவது மாவட்டத்தில் கட்சி பெறும் வாக்குக்கு ஏற்ப ஆசனம். யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் சேர்ந்து ஒரே தேர்தல் மாவட்டம். காங்கேசன்துறைக்கென்று தனி எம்பி இல்லை. சரி, வாக்குக் கணக்கு இன்றும் தொகுதிவாரியாக வருகிறது, அதை எழுதப் புதுப் பக்கம் திருப்புங்கள்.