கம்ப்ரஷன் டெஸ்ட்: ஆக்ஸிலேட்டரை மிதித்தீர்களா?

பெட்ரோல் காரில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்தும்போது உண்டாகும் அழுத்தம்) பார்க்கும்போது எல்லா சிலிண்டரும் ஒரே மாதிரி குறைவாகக் காட்டினால், இன்ஜின் போச்சு என்று உடனே பயப்பட வேண்டாம். ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தீர்களா? த்ராட்டில் (இன்ஜினுக்குக் காற்று போகும் வழியைத் திறந்து மூடும் தகடு) மூடியிருந்தால் உள்ளே போதுமான காற்று போகாது. நானே இப்படி ஒருமுறை அரை நாளை வீணாக்கியிருக்கிறேன்.

இன்ஜின் சூடாக இருக்கும்போது எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, எல்லா பிளக்கையும் கழற்றுங்கள் (கை பத்திரம், சுடும்). பேட்டரியில் நல்ல சார்ஜ் இருக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரின் பிளக் துளையிலும் கம்ப்ரஷன் கேஜைப் (அழுத்தமானி) பொருத்தி, முள் துள்ளித் துள்ளி ஏறி நிற்கும் வரை 5, 6 துடிப்பு சுற்றவிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மொத்த அளவைவிட சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம்தான் முக்கியம்; 10 முதல் 15 சதவீதத்தைத் தாண்டினால் கோளாறு.

குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஏறவில்லையா, வால்வைச் சந்தேகப்படலாம். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டை (சிலிண்டர் ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) பாருங்கள்.

அப்புறம், டீசல் இன்ஜினில் இந்த கேஜை மாட்டிவிடாதீர்கள். அதில் அழுத்தம் இரண்டு, மூன்று மடங்கு. அதற்கு வேறு கேஜ்.