ஏர்லைன்காரங்க பசுமை ரிப்போர்ட்ட படிக்கது எப்பிடி

நாகர்கோவில், தக்கலை பக்கம் வீட்டுக்கு ஒரு ஆளு கல்ஃப்ல இருக்கும், திருவனந்தபுரம் ஏர்போர்ட்டு நமக்கு பஸ்ஸ்டாண்டு மாதிரி. ஆனா டிக்கெட் எடுக்கப்ப "கார்பன குறைச்சாச்சு"ன்னு போடுறது நெசமான்னு யாரும் நோண்டுறதில்ல, அதுக்கு பெரிய படிப்பெல்லாம் வேண்டாம் மக்கா, கால்குலேட்டர் போதும்.

மொதல்ல விளம்பரத்த விட்டுட்டு ஆண்டறிக்கைய டவுன்லோடு பண்ணுங்க. ஷேர் மார்க்கெட்ல உள்ள டாப் 1000 கம்பெனிக்கு 2022-23லேருந்து பிஆர்எஸ்ஆர்னு (சுற்றுச்சூழல், சமூக பொறுப்ப பத்தின அறிக்கை) ஒண்ண ஷேர் மார்க்கெட்ட கண்காணிக்க செபி கட்டாயமாக்கிருக்கு, இண்டிகோ அதுல வரும், ஏர் இந்தியா லிஸ்ட் ஆகல, அதனால அந்த ரூல் அதுக்கு கெடையாது. அவ்வளவு பக்கத்தையும் படிக்காண்டாம், "பிரின்சிபிள் 6"னு தேடுங்க, சுற்றுச்சூழல் கணக்கு பூரா அங்கதான் கெடக்கும்.

அதுல ஸ்கோப் 1தான் முக்கியம், அது கம்பெனி நேரா விடுற கார்பன், விமானம் எரிச்ச எண்ணெ அதுலதான் வரும். ஸ்கோப் 2 வாங்குன கரண்டால வர்ற கார்பன். முப்பந்தல் காத்தாடி மாதிரி பளபளன்னு போட்டோ போட்டு ஆபீசு பூரா பசுமை கரண்டும்பாங்க, நல்லதுதான், ஆனா மொத்த கணக்குல அது ஒரு மூலைக்கு காணாது.

இனி கணக்கு. எரிபொருளோட எனர்ஜிய ஜூல்ல போட்டிருப்பாங்க, அத கிகாஜூலா (நூறு கோடி ஜூல்) மாத்தி 43ஆல வகுத்தா சுமாரா எத்தன டன் எண்ணென்னு வரும், அத 3.16ஆல பெருக்குங்க, ஒரு டன் ஏடிஎஃப் (விமான எண்ணெ) எரிஞ்சா அவ்வளவு டன் கார்பன் டை ஆக்சைடு (எண்ணெயவிட கூடுதலான்னு முழிக்காதிய, எரியப்ப காத்துல உள்ள ஆக்சிஜனும் சேருதுல்லா). விடை ஸ்கோப் 1க்கு பக்கத்துல வரணும், ரொம்ப தள்ளி நின்னா அடிக்குறிப்ப வாசிங்க.

அடுத்து "பயணி கிலோமீட்டருக்கு குறைஞ்சிருக்கு"ம்பாங்க. ஏ320நியோ மாதிரி புது விமானம் வந்தா அது குறையத்தான் செய்யும், ஆனா விமானம் கூடக்கூட மொத்த டன் ஏறிட்டே போவும், வளிமண்டலத்துக்கு மொத்தம்தான் கணக்கு, அதனால ரெண்டையும் மூணு வருசத்துக்கு பக்கம் பக்கமா எழுதி பாருங்க.

எஸ்ஏஎஃப் (பெட்ரோலியத்துக்கு பதிலா கழிவு எண்ணெ மாதிரி பொருள்லேருந்து செய்ற விமான எண்ணெ) பத்தி சொன்னா ரெண்டு கேள்வி: எதுலேருந்து செஞ்சது, மொத்த எண்ணெயில எத்தன சதவீதம். எரியப்ப அதுவும் கிட்டத்தட்ட சாதா எண்ணெ மாதிரிதான் கார்பன் டை ஆக்சைடு விடும், லாபம் மூலப்பொருள்லதான், நம்மூரு நேந்திரங்கா சிப்ஸ் கடையில மிஞ்சுற எண்ணெகூட அதுக்கு ஆவும். சர்வதேச விமானங்களுக்கு 2027ல 1%, 2030ல 5%னு இந்தியா இலக்கு வச்சிருக்கு, ஒத்த டெமோ ஃப்ளைட்டுக்கு நாலு பக்கம் எழுதிருந்தா அந்த நம்பரோட ஒப்பிட்டு பாத்துக்கிடுங்க.

டிக்கெட்டோட மரம் நட காசு கேட்டா, எந்த புராஜெக்ட்டு, யாரு சரிபாத்ததுன்னு போட்டிருந்தா மட்டும் டிக் அடிங்க.