ஊதச் சொன்ன பிறகு: குடிபோதைச் சோதனையில் முறையான நடவடிக்கையைக் கேட்டுப் பெறுவது எப்படி?

வார இறுதி இரவுகளில் சென்னையின் பெரிய சாலைகளில் இரும்புத் தடுப்புகளைக் குறுக்கே போட்டு, வருகிற வண்டிகளை ஓரங்கட்டி, "கொஞ்சம் ஊதுங்க" என்று காவலர் கருவியை நீட்டுவதைப் பார்க்காதவர்கள் குறைவு. கருவியில் எண் ஏறிவிட்டால் அந்த இடத்திலேயே பத்தாயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்றும், கட்டாவிட்டால் வண்டி போய்விடும் என்றும் பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை தவறானது. சாலையோரத்தில் நடக்கும் அநியாயங்களில் பெரும்பகுதி அதிலிருந்தே பிறக்கிறது. குடிக்காமலே கருவியில் சிக்கியவருக்கும், குடித்தது உண்மைதான் என்றாலும் நடவடிக்கை சட்டப்படி நடக்க வேண்டும் என்று நினைப்பவருக்கும், நள்ளிரவில் தொலைபேசி வந்து பதறி ஓடும் வீட்டாருக்கும் பயன்படும் என்று இதை எழுதுகிறேன். குடித்துவிட்டு ஓட்டியவர் தப்பிக்கும் வழி எதுவும் இதில் இல்லை.

முதலில் சட்டம் சொல்வதைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும் நிலையில் வண்டி ஓட்டுவது குற்றம். முதல் முறை என்றால் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். அதிகாரி அந்த இடத்திலேயே தொகையை வாங்கிக்கொண்டு முடித்துவைக்கக்கூடிய குற்றங்களை 200ஆம் பிரிவு பட்டியலிடுகிறது. ஹெல்மெட் போடாதது போன்றவை அதில் உண்டு, 185 அதில் இல்லை. ஆகவே குடிபோதை வழக்கில் "ஸ்பாட் ஃபைன்" என்ற ஒன்றே கிடையாது. காவலரின் வேலை சோதித்து, பதிவுசெய்து, வழக்கை நீதிமன்றத்துக்கு அனுப்புவதோடு முடிகிறது. தண்டிப்பவர் நீதித்துறை நடுவர். சாலையில் யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. நீங்களாக நீட்டினால் அது லஞ்சம் என்ற தனிக் குற்றம்.

இனி ஊதும் இடத்துக்கு வருவோம். 203ஆம் பிரிவின்படி, சீருடையில் இருக்கும் காவல் அதிகாரியோ மோட்டார் வாகனத் துறை அலுவலரோ, நீங்கள் குடித்திருப்பதாகச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் ஊதச் சொல்லலாம். காரணத்தைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் கேட்டுவிட்டு ஊதிவிடுவதே நல்லது. மறுத்தால், சந்தேகத்தின் பேரில் வாரண்ட் இல்லாமல் கைது செய்ய அதே பிரிவு இடம் தருகிறது. தக்க காரணமின்றி மறுத்ததை உங்களுக்கு எதிரான சான்றாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்று 205ஆம் பிரிவு சொல்கிறது. குடிக்காதவர் கோபத்தில் மறுத்து, குடித்தவரைப் போல் நடத்தப்படுவதைவிட வீணான இழப்பு வேறு இல்லை. ஊதும் முன் இரண்டை மட்டும் கவனியுங்கள்: வாயில் வைக்கும் குழல் உங்கள் கண்முன் உறை பிரித்துப் போட்ட புதிய குழலா, நீங்கள் ஊதும் முன் கருவி பூஜ்யத்தைக் காட்டுகிறதா. முன்னவர் ஊதிய குழலையே நீட்டினால் வேறு குழல் கேளுங்கள். அது சுகாதாரத்துக்காக மட்டுமல்ல, அளவின் நம்பகத்துக்காகவும்தான்.

கருவி ரத்தத்தை அளப்பதில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் மூச்சில் உள்ள ஆல்கஹாலை அளந்து, அதிலிருந்து ரத்த அளவைக் கணக்கிட்டுச் சொல்கிறது. வாயிலேயே ஆல்கஹால் தங்கியிருந்தால் கணக்கு தவறிவிடும். சில மவுத்வாஷ்கள், சில இருமல் மருந்துகள், ஹோமியோபதிச் சொட்டு மருந்துகள், நொதிக்கவைத்துத் தயாரிக்கும் அரிஷ்டம், ஆசவம் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். எங்கள் தெருவில் கால் டாக்ஸி ஓட்டும் ஒருவர் மதுவைத் தொடாதவர். இடுப்பு வலிக்காகத் தசமூலாரிஷ்டம் குடித்துவிட்டு வண்டி எடுத்தவரை அடுத்த சந்திப்பிலேயே நிறுத்தி ஊதச் சொல்ல, கருவி 38 என்று காட்டியது. அவர் சத்தம் போடவில்லை. சட்டைப் பையில் இருந்த மருந்துச் சீட்டைக் காட்டி, "சார், வாயைக் கொப்பளிச்சிட்டு இருபது நிமிஷம் இங்கேயே நிக்கிறேன், மறுபடி ஊதச் சொல்லுங்க" என்று கேட்டார். அந்த எஸ்.ஐ. பொறுமைசாலி, ஒப்புக்கொண்டார். இரண்டாவது முறை கருவி பூஜ்யம் காட்டியது.

பதினைந்து இருபது நிமிடத்தில் வாயில் தங்கிய ஆல்கஹால் கரைந்துவிடும்; ரத்தத்தில் கலந்தது அவ்வளவு விரைவில் இறங்காது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது அந்தக் காத்திருப்புதான். 203ஆம் பிரிவே "ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட" மூச்சு மாதிரிகள் என்றுதான் சொல்கிறது. காவல் நிலையத்துக்குக் கொண்டுபோன பின் அங்கேயும் ஊதுவதற்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே மறுசோதனை கேட்பது சலுகை கேட்பதாகாது.

நேற்று இரவு குடித்ததற்கு இன்று காலை எப்படிப் பிடிக்கலாம் என்று உண்மையாகவே நொந்துகொள்கிறவர்களும் உண்டு. அவர்களிடம் எனக்கு அனுதாபம் குறைவு. 42.8 சதவீத ஆல்கஹால் உள்ள ஒரு குவார்ட்டரில், அதாவது 180 மில்லியில், ஏறத்தாழ 60 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் ரத்தத்தில் அது 120 மில்லிகிராமைத் தாண்டக்கூடும். உடல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதமே அதைக் குறைக்கும் என்பதால், வரம்புக்குக் கீழே இறங்க ஆறு ஏழு மணி நேரம் ஆகும். இரண்டு குவார்ட்டர் என்றால் காலை எட்டு மணிக்கும் அவர் குடிபோதையில்தான் ஓட்டுகிறார். மோர் குடித்தாலும் தலைக்குக் குளித்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

எண் வந்ததும் அச்சுச் சீட்டைக் கேளுங்கள். நாள், நேரம், கருவியின் எண், சோதனையின் வரிசை எண், அளவு ஆகியவை அதில் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். கையெழுத்துக் கேட்டால் படித்த பிறகே போடுங்கள். மறுசோதனை கேட்டு மறுக்கப்பட்டிருந்தால் கையெழுத்துக்கு மேலே அதை ஒரு வரியில் எழுதிவையுங்கள். சீட்டைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்த வெப்பத்தாளில் உள்ள எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும், வழக்கு அதற்குள் முடிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. கருவியே இல்லாமல் "வாடை வருது, தள்ளாடுறான்" என்று மட்டும் எழுதினால் அது போதாது. வாடை, தள்ளாட்டம், குழறல் போன்ற அடையாளங்களை மட்டும் வைத்து ஒருவர் மது அருந்தியிருந்தார் என்று உறுதியாக முடிவு கட்ட இயலாது என்று உச்ச நீதிமன்றம் 1971இலேயே ஒரு மகாராஷ்டிர வழக்கில் சொல்லியிருக்கிறது. 185ஆம் பிரிவோ சோதனையில் கண்டறியப்பட்ட அளவையே கேட்கிறது.

கைது வரை போனால் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 202ஆம் பிரிவின்படி, கைதான இரண்டு மணி நேரத்துக்குள் பதிவுபெற்ற மருத்துவரிடம் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். தவறினால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும். காவல் நிலையத்தில் இருக்கும்போது ரத்த மாதிரி கேட்க 204ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. பெண்ணிடம் ஆண் மருத்துவர் மாதிரி எடுப்பதானால் இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும். குடிக்காதவர் ரத்தப் பரிசோதனையைத் தாமாகவே வற்புறுத்திக் கேட்க வேண்டும், ஏனென்றால் மூச்சுக் கருவியின் பிழையைத் திருத்தக்கூடிய வலுவான சான்று அதுவே. ஒரு மணி நேரம் தாமதித்தாலும் அதன் வலு குறையும். குடித்தவருக்கு அது எண்ணை உறுதிப்படுத்தவே செய்யும். இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்பதையும் வீட்டார் தெரிந்துகொண்டால், நள்ளிரவில் இடைத்தரகர்களைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

அடுத்தது வண்டி. பதிவு, உரிமம், பெர்மிட் போன்றவை இல்லாதபோது வண்டியைப் பறிமுதல் செய்வதைப் பற்றிப் பேசும் 207ஆம் பிரிவில் குடிபோதை சேரவில்லை. ஓட்டுநரைக் கைது செய்யும்போது, தேவைப்பட்டால் வண்டியைத் தற்காலிகமாகப் பாதுகாப்பாக வைக்கலாம் என்பதே 202ஆம் பிரிவு தரும் இடம். 2021இல் தெலங்கானா உயர் நீதிமன்றம் இதை விளக்கமாக ஆராய்ந்து, உடன் வந்தவர் குடிக்காதவராகவும் உரிமம் உள்ளவராகவும் இருந்தால் வண்டியை அவரிடம் ஒப்படைக்க வேண்டும், இல்லையெனில் உறவினரையோ நண்பரையோ வரவழைக்க விட வேண்டும், யாருமே இல்லாதபோதுதான் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகலாம் என்றது. அத்தீர்ப்பு தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நம் ஊர் நீதிமன்றத்திலும் எடுத்துக்காட்டிப் பேசத் தக்கது. ஆகவே வாக்குவாதத்தில் நேரத்தைக் கழிக்காமல், உரிமத்தோடு உடனே வரக்கூடிய ஒருவரை அழையுங்கள். குடித்த நண்பரை அழைத்தால் வம்பு இரட்டிப்பாகும். பின்னால் உட்கார்ந்து வந்தவரும் கவனமாக இருக்க வேண்டும்: 188ஆம் பிரிவின்படி உடந்தையும் குற்றமே, உடன் பயணிப்பவர் மீதும் நடவடிக்கை உண்டு என்று சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2022 அக்டோபரில் அறிவித்தது.

உண்மையில் சாலையிலேயே விழும் தண்டனை ஒன்று இருக்கிறது. அது பணமல்ல, உரிமம். 2019 திருத்தத்தில் சேர்ந்த 206ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவின்படி, 185 குற்றம் நடந்ததாக நம்பக் காரணம் இருந்தால் காவல் அதிகாரி ஓட்டுநர் உரிமத்தைக் கைப்பற்றி, தகுதிநீக்க நடவடிக்கைக்காக உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். கையில் தரும் தற்காலிக ஒப்புகைச் சீட்டை வைத்துக்கொண்டு வண்டி ஓட்ட முடியாது. வாடகை வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு, குற்றம் நிரூபணமாகும் முன்பே வருமானம் நின்றுபோகிறது. இங்கே கேட்டுப் பெற வேண்டியது விசாரணை வாய்ப்பு. 19ஆம் பிரிவின்படி, உங்கள் தரப்பைக் கேட்ட பிறகே தகுதிநீக்கம் செய்ய முடியும். ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு வரும் கடிதத்தைப் பலர் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. அச்சுச் சீட்டு, மருத்துவச் சான்று, மறுசோதனை மறுக்கப்பட்ட விவரம் ஆகியவற்றோடு எழுத்தில் பதில் கொடுத்து, கொடுத்ததற்கு முத்திரையிட்ட நகல் வாங்குங்கள். ஆணை பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

சாலையோரத் தண்டனையை முழுமூச்சாக நடைமுறைப்படுத்திய ஓர் இடத்தின் அனுபவம் இங்கே பொருந்தும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2010 செப்டம்பரில், கருவியில் தோற்றவருக்கு அந்த இடத்திலேயே 90 நாள் ஓட்டத் தடை விதிக்கும் அதிகாரத்தைக் காவலருக்குக் கொடுத்தது. கருவியின் எண்ணை எதிர்த்து முறையிடப் பொருளுள்ள வழி இல்லை என்று மாகாண உச்ச நீதிமன்றம் 2011இல் குறை கண்டது. 2012இல் திருத்தினார்கள்: வேறொரு கருவியில் மறுசோதனை கேட்கும் உரிமை உண்டு, அதைக் காவலரே சொல்ல வேண்டும், இரண்டில் குறைந்த அளவே செல்லும். பழைய வடிவம் அரசமைப்புக்கு முரணானது என்று நாட்டின் உச்ச நீதிமன்றமும் 2015 அக்டோபரில் உறுதிசெய்தது. அங்கே 50 முதல் 79 மில்லிகிராம் வரை முதல் முறை 3 நாள் தடை, 80க்கு மேல் 90 நாள் என்று படிநிலையும் உண்டு. நம் சட்டத்தில் 32 எடுத்தவருக்கும் 250 எடுத்தவருக்கும் பத்தாயிரம்தான். 2019க்கு முன் "இரண்டாயிரம் வரை" என்றிருந்ததைப் "பத்தாயிரம்" என்று மாற்றியதால் நடுவர் தொகையைக் குறைக்கவும் வழியில்லை. உணவு டெலிவரி செய்யும் இளைஞருக்கு அது ஏறக்குறைய மாதச் சம்பளம், சொகுசுக் கார்க்காரருக்கு ஓர் இரவுச் செலவு. தண்டனை கடுமையாக இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அளவுக்கேற்பக் கடுமையாக இல்லாததில்தான் ஆட்சேபம்.

நீதிமன்றத்தில் உங்கள் முன் இரண்டு வழிகள் இருக்கும். அளவு உண்மை என்று உங்களுக்கே தெரிந்தால் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது நேர்மையானது. ஆனால் அது பதிவில் முதல் குற்றமாக நிற்கும், அடுத்த முறை 15,000 ரூபாயும் 2 ஆண்டும் என்று கணக்கு மாறும் என்பதை அறிந்தே ஒப்புக்கொள்ளுங்கள். உண்மையல்ல என்றால், ஒரு நாள் வேலை போகிறதே என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். வழக்கறிஞர் மூலம் கருவியின் அளவுத்திருத்தச் சான்றைக் கேளுங்கள், அந்த வகைக் கருவி அரசு ஏற்றதுதானா என்று பாருங்கள், கைதுக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் இடையே எத்தனை நேரம் ஓடியது என்று காட்டச் சொல்லுங்கள். எப்படி முடிந்தாலும் ரசீதையோ ஆணையின் நகலையோ வாங்கிக்கொண்டு, சில நாள் கழித்து இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு வழக்கு நிலுவையில் இல்லை என்று பார்த்துவிடுங்கள். நிலுவை காட்டினால் அந்த ரசீதோடு நேரில் போய்த் திருத்த வேண்டியிருக்கும்.