ஆன்சிபிள் எழுதும் சர்வர் பட்டியல்: எங்கே கோட்டை விடுகிறோம்?

காரைக்குடியில் ஜவுளிக்கடை, பள்ளி, மருத்துவமனை என்று நாலைந்து இடத்துச் சர்வர்களை ஒரே ஆள் கவனித்துக்கொள்வது சகஜம். தேவகோட்டைக் கிளையில் ஒன்று, கானாடுகாத்தான் ஓட்டலில் ஒன்று என்று அவை சிதறிக் கிடக்கும். எக்செல் பட்டியல் கைமீறிப் போனபிறகுதான் பலரும் ஆன்சிபிள் (பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள்) பக்கம் வருகிறார்கள். மெமரி, டிஸ்க், ஓஎஸ் பதிப்பு, ஐபி எல்லாவற்றையும் அதுவே கேட்டு வாங்கித் தரும். அதை ஒரு ஜின்ஜா டெம்ப்ளேட்டில் (தகவலை உரிய இடங்களில் நிரப்பிக்கொள்ளும் மாதிரிக் கோப்பு) போட்டால் ஆவணம் தயார். இதே போன்ற கருவிகளான பப்பெட்டில் ஃபேக்டர், சால்ட்டில் கிரெயின்ஸ் செய்வதும் இதே வேலைதான். பார்க்க அழகாக, முழுசாக இருக்கும். அதை அப்படியே நம்புவதில்தான் ஆபத்து.

முதல் தவறு, பதில் சொல்லாத சர்வரை மறைப்பது. தேவகோட்டையில் கரண்ட் போய்விட்டது என்று வையுங்கள். அந்தச் சர்வரின் தகவல் வராததால் டெம்ப்ளேட் பிழை காட்டி நிற்கும். உடனே எல்லாரும் செய்வது, தகவல் இல்லாவிட்டால் வெறுமையாக விட்டுவிடச் சொல்லும் ‘டீஃபால்ட்’ ஃபில்டரைச் சேர்ப்பது. பிழை போய்விடும், கூடவே சர்வரும் வெறும் கட்டமாகிவிடும். அந்த வரியில் ‘பதில் இல்லை, கடைசியாகப் பேசியது இந்தத் தேதியில்’ என்று வரவேண்டும்.

அதற்குப் பழைய தகவல் கையில் இருக்க வேண்டும். ஆன்சிபிள் வழக்கமாகத் தகவலை மெமரியில் மட்டும்தான் வைத்திருக்கும். ஓட்டம் முடிந்ததும் போய்விடும். ஜேசன் கோப்பில் சேமிக்கச் சொல்லுங்கள். அதன் ஆயுள் சொல்லாவிட்டால் 86,400 நொடி, அதாவது ஒரே நாள். கூட்டிக்கொள்ளுங்கள். திரட்டிய தேதியும் அந்தத் தகவலுக்குள்ளேயே இருப்பதால், கடைசியாகப் பேசியது எப்போது என்று எழுதத் தனியாக மெனக்கெட வேண்டாம். ஆனால் பதில் சொன்ன சர்வர்களுக்கும் தேதி போட்டுவிடாதீர்கள். போட்டால், கோப்பின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் (Git) மென்பொருளில் தினமும் எல்லா வரியும் மாறியதாகக் காட்டும், உண்மையான மாற்றம் அதில் தொலைந்துபோகும்.

இன்னொன்று, சோதனைக்காக ‘லிமிட்’ (குறிப்பிட்ட சர்வரில் மட்டும் ஓட்டச் சொல்வது) போட்டு ஒரே சர்வரில் ஓட்டுவது. ஆவணம் எழுதும் வேலையும் அதே பிளேபுக்கில் (ஆன்சிபிள் செய்ய வேண்டியதை எழுதிய கோப்பு) இருந்தால், சேமித்த தகவல் இல்லாத மற்ற சர்வர்களெல்லாம் வெறுமையாகிவிடும். அதைத் தனி பிளேபுக்காக வைப்பதுதான் சரி.

சீரியல் நம்பர் கட்டத்தில் ‘என்ஏ’ என்று வருகிறதா? லினக்ஸில் ரூட் (முழு நிர்வாகி) உரிமை இல்லாமல் அதைப் படிக்க முடியாது. அந்த உரிமையைப் பெற்றுத்தரும் ‘பிகம்’ போட்டு ஓட்டுங்கள். வாரண்டிக்குப் போன் செய்யும்போதுதான் இது பலருக்கும் தெரியவருகிறது.

திரட்டியதை எல்லாம் அப்படியே கொட்டுவதும் வேண்டாம். அதில் என்விரான்மென்ட் மாறிகளும் (புரோகிராம்களுக்காகச் சர்வரில் வைக்கும் அமைப்பு மதிப்புகள்) இருக்கும். அவற்றில் கடவுச்சொல் வைத்திருப்பவர்கள் இங்கே குறைவில்லை. வேண்டியதை மட்டும் பெயர் சொல்லி எடுங்கள்.

ஆன்சிபிளுக்குக் கொடுக்கும் பட்டியலில் நீங்கள் எழுதாத சர்வரை அது தேடிப் போகாது. செட்டிநாட்டுக் கல்யாணத்தில் சாமான் பரப்பும்போது ஏட்டை வைத்துச் சாமானையும், சாமானை வைத்து ஏட்டையும் சரிபார்ப்பதுபோல இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். ரௌட்டரின் டிஹெச்சிபி பட்டியலையோ (அது ஐபி கொடுத்த கருவிகள்), நெட்வொர்க்கில் இருப்பவற்றைத் தேடும் என்மேப் ஸ்கேனையோ மாதம் ஒருமுறை ஒப்பிட்டால், யாரோ மேசைக்கடியில் வைத்த பழைய பெட்டி அகப்படும்.

அப்புறம், இயந்திரத்துக்கே தெரியாத விஷயங்கள். எந்த அறையில் இருக்கிறது, யாரைக் கேட்டு ரீபூட் செய்ய வேண்டும், தீபாவளி நேரத்தில் பில்லிங் எத்தனை மணிவரை ஓடும் என்பதெல்லாம் எந்தக் கருவியும் கண்டுபிடிக்காது. உருவான ஆவணத்தில் கையால் எழுதினால் அடுத்த ஓட்டத்தில் அழிந்துவிடும். ‘ஹோஸ்ட்_வார்ஸ்’ ஃபோல்டரில் அந்தந்தச் சர்வருக்கான கோப்பில் எழுதுங்கள், டெம்ப்ளேட் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்.

கடைசியாக, ஆவணத்தை எங்கே வைக்கிறீர்கள்? கடைக்குள் இருக்கும் விக்கி சர்வரில் என்றால், அது படுக்கும் அன்று அதை எழுப்பும் வழியும் அதற்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஓட்டம் முடிந்ததும் ஒரு நகல் லேப்டாப்புக்கும் வரும்படி பிளேபுக்கிலேயே எழுதிவிடுங்கள்.