சொந்த இயங்குதளம் எழுத எந்த ஆர்ம் போர்டு வாங்கலாம்?

கல்லடியில் என்னிடம் வந்து கேட்கிற தம்பிமாருக்கு முதலில் சொல்வது: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். பழைய லேப்டாப்பில் கியூஎமு (QEMU, வேறொரு கணினியைப் போல நடிக்கும் மென்பொருள்) போட்டு, அதிலுள்ள 'விர்ட்' (virt) என்ற போலி ஆர்ம் மெஷினில் உங்கள் கேர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, திரையில் ஒரு வரி அச்சிட வையுங்கள். செலவே இல்லை.

அப்புறம் போர்டு, அதாவது ஆர்ம் வகைச் சிப் பொருத்திய சின்னக் கணினி. வேகம், ரேம் பார்த்து மயங்க வேண்டாம். சின்னக் கேர்னலுக்கு 512 எம்பி தாராளம். சிப்பின் ரெஜிஸ்டர் விவரங்கள் (எந்த முகவரியில் எதை எழுதினால் என்ன நடக்கும் என்பது) பகிரங்கமாகக் கிடைக்கின்றனவா, மெயின்லைன் லினக்ஸ் (கம்பனிகள் மாற்றாத பொது லினக்ஸ்) அதில் ஓடுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சும்மா தந்தாலும் வேண்டாம். மலிவு டிவி பாக்ஸ்கள் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

என் தெரிவு செகண்ட் ஹேண்ட் ராஸ்பெரி பை 3. 64 பிட், கியூஎமுவிலும் 'ராஸ்பி3பி' (raspi3b) என்று இருக்கிறது. ஒரு குறை, அதன் இன்டரப்ட் கன்ட்ரோலர் (டைமர், கீபோர்டு போன்றவை கூப்பிடுவதை சிபியுவிடம் சேர்க்கும் பகுதி) தனி வகை. ஆர்மின் பொதுவான கன்ட்ரோலரான ஜிஐசி (GIC) பை 4இல்தான் வந்தது, காசிருந்தால் அதையே எடுங்கள். எச்டிஎம்ஐ (திரை இணைப்பு) பழுதான போர்டு மலிவாக வந்தால் விடாதீர்கள், நம் வேலை எல்லாம் சீரியலில், அதாவது வயர் வழியாக லேப்டாப்பில் எழுத்தைப் பார்ப்பதில்தானே.

அதற்கு லேப்டாப்பையும் போர்டின் பின்களையும் இணைக்கும் யூஎஸ்பி-டிடிஎல் கேபிள் கட்டாயம். கொழும்பிலிருந்து பார்சலில் எடுப்பிக்கும்போது 3.3 வோல்ட் வகையா என்று கேளுங்கள். 5 வோல்ட் சிக்னல் பின்னைக் கெடுத்துவிடும். போர்டின் 6ஆம் பின்னில் கிரவுண்ட், 8இல் கேபிளின் ஆர்எக்ஸ் (RX, வாங்கும் வயர்), 10இல் டிஎக்ஸ் (TX, அனுப்பும் வயர்). சிவப்பு வயரை (மின்சார வயர்) கொழுவவே வேண்டாம். எஸ்டி கார்டிலுள்ள கான்ஃபிக் கோப்பில் (config.txt) 'enable_uart=1' என்று எழுதுங்கள், இல்லையென்றால் ஒன்றும் வராது, வந்தாலும் குப்பையாக வரும்.